தாதி மலை ஏறட்டும்!

லிந்துலை மலைகளில் ஒரு தொழிலாளி படுத்த படுக்கையாகிவிட்டால் அவர்முன் இரண்டே வழிகள் உள. நாற்காலியிலோ கம்பளித் தூளியிலோ சுமக்கப்பட்டு, தேயிலைச் சரிவின் படிகளில் இறங்கி, பெருந்தெருவை அடைந்து, அங்கிருந்து முச்சக்கர வண்டியிலோ கொழுந்து லொறியிலோ வைத்தியசாலை வாயிலுக்குச் செல்வது ஒன்று. லயத்து அறையின் மூலையிற் கிடந்து, தெய்வம் விட்ட வழி என்று காத்திருப்பது மற்றொன்று. மூன்றாவது வழியொன்று உலகில் உண்டு. நோயாளி தாதியைத் தேடிச் செல்வதற்குப் பதிலாகத் தாதி நோயாளியைத் தேடி வருவதே அவ்வழி. தோட்டத்து மக்களுக்கு மட்டும் அவ்வழி இன்றுவரை அடைபட்டே கிடக்கின்றது.

அது திறக்கப்படல் வேண்டும் என்கின்றோம். இஃது இரக்கம் வேண்டி நாம் எழுதும் விண்ணப்பமன்று. வரி கொடுக்கின்ற, வாக்களிக்கின்ற, இந்நாட்டின் ஏற்றுமதிச் செல்வத்தை ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலாகத் தம் விரல் நுனிகளாற் கிள்ளிக் கொடுத்துவருகின்ற மக்களின் உரிமைக் கோரிக்கை. உள்ளூராட்சி மன்றமும் அரசின் சுகாதாரப் பிரிவும் இணைந்து வீட்டுத் தாதிச் சேவையை லயங்களுக்குக் கொண்டுவரவேண்டும்.

வைத்தியசாலை வாயிலுக்கு அப்பால்

நோய் வைத்தியசாலையில் முடிந்துவிடுவதில்லை. நோயாளியின் கையில் மருந்துப் பொட்டலத்தையும் கிளினிக் புத்தகத்தையும் கொடுத்து அனுப்பிய பின்னரே பல நோய்களின் உண்மையான போராட்டம் தொடங்குகின்றது. பாரிசவாதத்தால் ஒரு புறம் செயலிழந்தவரை இரண்டு மணித்தியாலத்திற்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைத்தல் வேண்டும். தவறினால் இடுப்பிலும் குதிகாலிலும் படுக்கைப்புண் தோன்றும். புண் ஆழமானால் நஞ்சு குருதியிற் கலக்கும். நீரிழிவு கண்டவரின் காற்புண்ணை முறைப்படி கழுவிக் கட்டாவிடின் முதலில் விரல் போகும், பின்னர் பாதம் போகும், இறுதியிற் காலே போகும். சிறுநீர்க் குழாய் பொருத்தப்பட்டவருக்கு அதனைக் காலந்தவறாது மாற்றவேண்டும். புற்றுநோயின் கடைசி நாள்களில் இருப்பவருக்கு வலியடக்கும் மருந்தை வேளைதவறாது கொடுக்கவேண்டும்.

இவற்றுள் எதற்கும் கொழும்பிலிருந்து நிபுணர் வரவேண்டியதில்லை. பயிற்சி பெற்ற தாதி ஒருவரின் கையும், அரைமணி நேரமும், தூய கட்டுத் துணியும் போதும். அத்தாதி செய்யும் இன்னொரு வேலை இவை யாவற்றினும் பெரிது. எப்படிப் புரட்டுவது, எப்படித் துடைப்பது, எந்த அறிகுறி கண்டால் உடனே வைத்தியரிடம் ஓடுவது என்பதை வீட்டாருக்குக் கற்றுக்கொடுத்துவிட்டே அவர் அடுத்த வாசலுக்குச் செல்கின்றார்.

தோட்டத்தில் இப்பணியை இன்று செய்வார் யார்? மருமகள் மலைக்குப் போனால் மாமியார் தனியே கிடப்பார். மருமகள் வீட்டில் நின்றாலோ அன்று பேர் விழாது. பேர் விழாவிட்டால் அடுப்பு எரியாது. மாதச் சம்பளக்காரர் வீட்டில் நோயாளியைப் பார்க்க ஒருவர் விடுமுறை எடுக்கலாம். நாட்சம்பளக்காரருக்கு விடுமுறை என்பதன் பொருள் பட்டினி. இளைஞரோ கொழும்பிலும் பிற நகரங்களிலும் கடைகளிலும் உணவகங்களிலும் உழைக்கின்றனர். பெண்கள் பலர் கடல் கடந்து, அயலார் வீட்டு முதியோரைக் குளிப்பாட்டி, ஊட்டி, உறங்கவைத்துப் பணம் அனுப்புகின்றனர். பிறர் பெற்றோரைப் பேண நம் பெண்களின் கைகளை உலகம் விலைகொடுத்து வாங்குகின்றது. அவர்களைப் பெற்றவர்களோ பம்பரகலையிலும் தங்கக்கலையிலும் லிப்பகலையிலும் ஒரு குவளை நீர் எடுத்துக் கொடுக்க ஆளின்றிக் கிடக்கின்றனர். இக்கொடுமையை வறுமை என்ற ஒற்றைச் சொல்லால் மூடிவிட முடியாது.

ஒரு நாட்டில் இரு முறைகள்

இந்த அடைப்பு தானாக விழுந்ததன்று, சட்டத்தினால் இடப்பட்டது. வெள்ளையர் ஆட்சியில், 1872ஆம் ஆண்டிலேயே தோட்டத் தொழிலாளரின் மருத்துவத் தேவைகளுக்கெனத் தனிச் சட்டம் பிறந்தது. 1912இல் அது விரிவான வடிவம் பெற்றது. கேட்பதற்கு நல்ல செய்திதான். ஆனால் அச்சட்டங்களின் உட்பொருள் யாது? கிராமத்தானின் உடல்நலத்திற்கு அரசு பொறுப்பு. தோட்டத்தானின் உடல்நலத்திற்குத் துரை பொறுப்பு. ஒருவர் குடிமகன், மற்றவர் தோட்டத்தின் தளபாடம்! உழைக்கும் உடலைப் பழுதுபார்ப்பது துரைக்கு இலாபம். உழைத்துத் தேய்ந்த உடலைப் பேணுவதில் அவருக்கு என்ன இலாபம்?

1926இல் களுத்துறையில் இந்நாட்டின் முதற் சுகாதாரப் பிரிவு நிறுவப்பட்டது. சுகாதார வைத்திய அதிகாரியும் பரிசோதகரும் மருத்துவமாதும் மக்களின் வாசலுக்கே செல்லும் முறை அங்கே வேரூன்றியது. அம்முறை தீவெங்கும் பரவிற்று. 3000 பேருக்கு ஒரு மருத்துவமாது என்ற அளவை வகுத்து, கருவுற்ற தாயையும் பிறந்த சிசுவையும் வீடு தேடிச் சென்று பார்த்தமையாலேயே தாய் சேய் மரணங்களைக் குறைத்த நாடு என்று இலங்கை உலக அரங்கிற் புகழ்பெற்றது. வீடு தேடிச் செல்லுதல் பயன் தரும் என்பதற்கு வேறு சான்று வேண்டா, இந்நாடே சான்று. ஆனால் கிராமத்தில் அம்முறை தழைத்த நெடுங்காலம் தோட்டமோ துரையின் மருந்தறையோடு நின்றது.

1948ஆம் ஆண்டை நோக்குக. அவ்வாண்டு யூலை 5ஆந் திகதி பிரித்தானியாவில் தேசிய சுகாதார சேவை தொடங்கிற்று. அதற்கு அடிகோலிய 1946ஆம் ஆண்டுச் சட்டத்தின் 25ஆம் பிரிவு, வீட்டுத் தாதிச் சேவையை வழங்குதல் உள்ளூர்ச் சுகாதார அதிகார சபையின் கடமை என்று விதித்தது. 1859இல் லிவர்பூல் வணிகர் வில்லியம் ரத்போன், தம் மனைவியின் இறுதி நோயிற் பணிவிடை செய்த தாதியைக் கொண்டே நகரத்து ஏழைகளின் வீடுகளுக்குப் பணியாற்றத் தொடங்கிய அறச்செயல், ஏறத்தாழ 90 ஆண்டுகளில் ஆட்சியின் கடமையாக உயர்ந்தது. தேயிலையை நம் மலையில் நட்ட துரைமாரின் தாயகம் தன் முதியோருக்குத் தாதியை அனுப்பிய அதே 1948இல், இலங்கைப் பாராளுமன்றம் தேயிலை கொய்தவர்களுக்கு என்ன அனுப்பிற்று? குடியுரிமைச் சட்டத்தை அனுப்பிற்று! 1947இல் தலவாக்கலைத் தொகுதியிலிருந்து சி. வி. வேலுப்பிள்ளையைப் பாராளுமன்றத்திற்கு அனுப்பிய மக்கள் நாடற்றவர் ஆயினர்; 1949இல் வாக்குரிமையும் பறிபோயிற்று. வாக்கற்றவன் வாசலைத் தட்ட எந்த ஆட்சி தாதியை அனுப்பும்? 1964இன் ஒப்பந்தம் அம்மக்களை எண்களாக்கி இரு நாடுகளும் பங்கிட்டுக்கொள்ள வழி செய்தது. பங்கிடப்படுவோருக்கு எவர் பணிவிடை செய்வார்?

1972இலும் 1975இலும் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் நிருவாகம் மீண்டும் கம்பனிகளிடம் சென்றது. எசமானர் மாறினர், லயம் மாறவில்லை. 1990கள் தொட்டுத் தோட்ட வைத்தியசாலைகள் சிலவற்றை அரசு பொறுப்பேற்றபோதிலும், தோட்டச் சுகாதாரம் அரசுக்கும் கம்பனிக்கும் நடுவே இரு முதலாளிகளின் மாடு போல இன்னும் மேய்ச்சலின்றி நிற்கின்றது.

செடிக்கு உண்டு, மனிதருக்கு இல்லையா?

லிந்துலையை அடுத்த தலவாக்கலையில், சென் கூம்ஸ் தோட்டத்தில், தேயிலை ஆராய்ச்சி நிலையம் இருக்கின்றது. 1925இல் நிறுவப்பெற்ற அந்நிலையத்தின் அறிஞர்கள் தேயிலைச் செடியின் வேரையும் இலையையும் மண்ணையும் ஆராய்கின்றனர். 1946இல் இத்தீவின் தேயிலையைக் கொப்புள நோய் தாக்கியபோது மலை மலையாக மருந்து தெளிக்கப்பட்டது. செடியைப் பிடுங்கி வைத்தியசாலைக்கு எடுத்துவாருங்கள் என்று எவரும் கூறவில்லை. செடி இருக்கும் இடத்திற்கே மருந்து சென்றது. மருந்துக் கலத்தை முதுகிற் சுமந்து சென்றவரும் நம் தொழிலாளியே. அந்நிலையத்தின் பணியை நாம் குறைகூறவில்லை. அதனால் நாடு வாழ்கின்றது. நாம் கேட்பது ஒன்றே. செடியின் இலையிற் கொப்புளம் கண்டால் மலை ஏறும் அறிவு, அச்செடியை நட்டவரின் முதுகிற் புண் கண்டால் மலை அடிவாரத்திலேயே நின்றுவிடுவது ஏன்?

சாக்குப்போக்குகளும் மறுமொழிகளும்

தோட்டம் கம்பனியின் எல்லை, அங்கே உள்ளூராட்சி மன்றம் எவ்வாறு நுழையும் என்பர் சிலர். தோட்டக் காணிகளிற் பெரும்பகுதி அரசுக்கு உரியது, கம்பனிகள் குத்தகைக்காரரே. வாக்குக் கேட்க வரும் வேட்பாளருக்கு அவ்வெல்லை தெரிவதில்லை, குடிசன மதிப்பீட்டுக்காரருக்குத் தெரிவதில்லை, பொலிசாருக்கும் தெரிவதில்லை. தாதிக்கு மட்டும் தெரியவேண்டுமோ? 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டம் சபையின் கடமைகளை வகுக்கையில் முதலாவதாகக் குறிப்பிடுவது பொதுச் சுகாதாரத்தையே. அதே சட்டத்தின் 33ஆம் பிரிவு தோட்டங்களுக்குள் சபைப் பணத்தைச் செலவிடத் தடையாய் நின்றது உண்மை. அப்பிரிவு 2018இல் திருத்தப்பட்டது. அவ்வாண்டிலேயே அக்கரப்பத்தனை, கொட்டகலை முதலிய புதிய பிரதேச சபைகளும் இயங்கத் தொடங்கின. பூட்டுத் திறக்கப்பட்ட பின்னும் கதவைத் தள்ளாமல், பூட்டியிருந்தது என்று கதை சொல்வோரை என்னென்பது!

பணம் இல்லை என்பர் வேறு சிலர். கால் அகற்றும் சத்திரசிகிச்சைக்கும், அதன்பின் வைத்தியசாலைக் கட்டிலில் நோயாளி கிடக்கும் வாரங்களுக்கும், உழைப்பிழந்த குடும்பத்திற்கு வழங்கும் நிவாரணத்திற்கும் ஆகும் செலவு யாருடையது? அரசினுடையதே. புண்ணைக் காலத்திற் கட்டும் செலவு, காலை வெட்டும் செலவினும் சிறிது என்பதை அறிய நிதியமைச்சு வேண்டா. வீட்டுக் கணக்கெழுதும் பெண்ணே அறிவாள்.

பாதை இல்லை என்பர். பாதை வேண்டும் என்பதே நம் கட்சியும். ஆயினும் கொழுந்து நாள்தோறும் தொழிற்சாலைக்கு வந்து சேர்கின்றதே, அது எந்தப் பாதையால் வருகின்றது? கொழுந்து இறங்கும் வழியாற் தாதி ஏறலாம்.

பெற்றோரைப் பேணுதல் பிள்ளைகளின் கடமை, அதனை ஆட்சியிடம் ஒப்படைத்தல் தமிழர் பண்பன்று என்று கூறுவோரும் உளர். பண்பை நாமும் போற்றுகின்றோம். ஆனால் அன்பு மாத்திரம் புண்ணின் ஆழத்தை அளந்தறியாது. பாசம் மாத்திரம் மருந்தின் அளவை அறியாது. தாதி வருவது பிள்ளையை விலக்குவதற்கன்று. பிள்ளையின் கைக்கு அறிவைச் சேர்ப்பதற்கு.

ஆபத்துக்கு 1990 என்ற எண்ணை அழைத்தால் சுவசெரிய வண்டி வருகின்றதே, அது போதாதோ என்று கேட்பாரும் உண்டு. நல்ல சேவை, வாழ்த்துகின்றோம். ஆயினும் நெஞ்சுவலி கண்டவரைக் காக்கும் வண்டி, மூன்றாண்டு படுக்கையிற் கிடப்பவரை என் செய்யும்? விபத்து ஒரு நாளின் துன்பம். படுக்கை அன்றாடத் துன்பம். அன்றாடத் துன்பத்திற்கு அன்றாட ஏற்பாடே மருந்து.

அயலில் நடப்பது

இயலாது என்று கையை விரிப்போர் பாக்குநீரிணைக்கு அப்பால் பார்க்கட்டும். கேரளம் 2008இல் நோய்த்தணிப்புப் பராமரிப்புக்கென ஓர் அரசுக் கொள்கையை வகுத்தது. 1993இற் கோழிக்கோட்டில் வைத்தியர் சிலரும் தொண்டர்களும் தொடங்கிய முயற்சியை, ஊராட்சிகளின் பொறுப்பாக்கிற்று அக்கொள்கை. ஊராட்சி தன் பணத்தில் தாதியை அமர்த்துகின்றது. தாதி தொண்டர்களோடு படுக்கையிலுள்ளோரின் வீடுகளுக்குச் சென்று வருகின்றார். கேரளமும் மலைநாடே, மூணாற்றில் தமிழர் கொழுந்து கொய்யும் மலைகளும் அக்கேரளத்திலேயே உள.

தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்ட் 5ஆந் திகதி கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ என்னும் திட்டம் தொடங்கப்பட்டது. நீரிழிவுக்கும் உயர் குருதி அமுக்கத்திற்கும் உரிய மருந்துகள் வீட்டு வாசலிற் கொடுக்கப்படுகின்றன. இயன்முறைச் சிகிச்சையும் நோய்த்தணிப்புப் பராமரிப்பும் வீட்டிற்கே செல்கின்றன. எந்தக் கட்சி தொடங்கிற்று என்பது நமக்குப் பொருட்டன்று. செய்யலாகும் என்பதே நாம் எடுத்துக்கொள்ளும் பாடம்.

இலங்கையிலும் விதை இல்லாமற் போகவில்லை. ஆரம்ப நிலை வைத்தியசாலைகளைச் சார்ந்து பொதுச் சுகாதாரத் தாதிய உத்தியோகத்தர் என்னும் பதவி அண்மை ஆண்டுகளில் உருவாக்கப்பட்டுள்ளது; வீடு சென்று பராமரித்தலும் அப்பதவியின் பணிகளுள் ஒன்று. விதை எல்லா நிலத்திலும் தூவப்படல் வேண்டும் என்கின்றோம். சமவெளியில் முளைத்தபின் மலைக்கு வரும் என்ற பழைய பாட்டை இனியும் கேட்க நாம் ஆயத்தமாக இல்லை.

செய்யவேண்டியவை

முதலாவது, பதிவேடு. லிந்துலைச் சுகாதாரப் பிரிவில் எந்தத் தோட்டத்தின் எந்த லயத்தில் எவர் படுக்கையிலுள்ளார், எவருக்கு என்ன நோய், பார்ப்பார் யார் என்ற பட்டியல் தயாராகவேண்டும். 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி மலையகத்தைச் சிதைத்ததை மறந்தோமல்லோம். மண்சரிவு எச்சரிக்கை வரும் இரவில் நடக்கவியலாதவர் எங்குள்ளார் என்று தேடித் திரிதல் ஆகுமா? தாதியின் பதிவேடு அன்றைக்கு உயிர்காக்கும் ஏடு.

இரண்டாவது, தமிழ் பேசும் தாதியர். வலி எங்கே என்று கேட்கவும், எங்கே என்று சொல்வதை விளங்கிக்கொள்ளவும் மொழி வேண்டும். தமிழ் அரசகரும மொழி என்பது 1987 முதல் அரசியலமைப்பில் உண்டு. அது நோயாளியின் கட்டிலருகில் வந்து நிற்கட்டும். தாதியர் பயிற்சிக்கு உயர்தர விஞ்ஞானக் கல்வி வேண்டும் என்கின்றனர். அவ்வாறாயின் தோட்டத்துப் பாடசாலைகளில் விஞ்ஞான வகுப்புகளைப் பெருக்குவதும் சுகாதாரக் கோரிக்கையே. அதுவரை, தோட்டத்து யுவதிகளையும் இளைஞரையும் வீட்டுப் பராமரிப்பு உதவியாளராகப் பயிற்றித் தாதியரின் கீழ்ச் சம்பளத்தோடு அமர்த்தலாம். வெளிநாட்டுக்கு அனுப்பவெனப் பயிற்சி கொடுக்க இயலுமானால் உள்ளூருக்கெனக் கொடுக்க இயலாதா?

மூன்றாவது, பொறுப்பும் பணமும். தலவாக்கலை–லிந்துலை நகர சபையும், சூழ்ந்துள்ள பிரதேச சபைகளும் தத்தம் வரவு செலவுத் திட்டத்தில் இச்சேவைக்கென ஒரு தொகையைத் தனியே ஒதுக்குக. தாதியரை அரசு தருக. வாகனத்தையும் எரிபொருளையும் கட்டுத் துணியையும் சபை தருக. மருந்தறையையும் தங்கும் இடத்தையும் கம்பனி தருக. மூவரும் பங்கு கொள்ளட்டும். ஆனால் இன்னார் பொறுப்பு என்று மூவரும் ஒருவரையொருவர் சுட்டித் தப்பாதபடி, தலைமைப் பொறுப்பு அரசின் சுகாதார வைத்திய அதிகாரியிடம் எழுத்தில் இருத்தல் வேண்டும்.

நான்காவது, ஓய்வு பெற்றோர். பேர் விழும்வரை தோட்டத்துப் பிள்ளை, பேர் நின்றபின் யாருமற்றவர் என்ற நிலை ஒழிக. இச்சேவை வேலைப் பதிவைப் பார்த்தன்று, நோயைப் பார்த்து வழங்கப்படுக.

கற்றோருக்கும் கமக்காரருக்கும்

வைத்தியர்களே! வெளிநோயாளர் பிரிவில் நீங்கள் கட்டிவிட்ட புண் லயத்தில் மீண்டும் அழுகி வருவதைக் காண்பவர் நீங்களே. நீங்கள் பேசாவிட்டால் வேறு எவர் பேசுவார்? சட்டத்தரணிகளே! திருத்தப்பட்ட சட்டத்தைச் சபைகளின் மேசைமீது விரித்து வைப்பது உங்கள் கடன். ஆசிரியர்களே! இம்மலைகளின் முதற் தாதியர் உங்கள் வகுப்பில் அமர்ந்திருக்கின்றனர். அவர்களை விஞ்ஞான பாடத்திலிருந்து விலக்காதீர்.

வடக்கிலும் கிழக்கிலும் உழும் கமக்காரரே! இது மலையகத்தார் விவகாரம் என்று ஒதுங்காதீர். 2009இல் முடிந்த போரில் முள்ளந்தண்டு காயமுற்றுப் படுக்கையிலும் சக்கர நாற்காலியிலும் வாழும் நம் மக்கள் வன்னிக் குடிசைகளில் எத்தனை பேர்! அவர்களுடைய வாசலுக்கும் தாதி வரவேண்டும். லிந்துலையில் வெல்லப்படும் உரிமை கிளிநொச்சிக்கும் வழிகாட்டும். லிந்துலையைச் சுற்றி லீக்ஸும் கரட்டும் உருளைக்கிழங்கும் பயிரிடும் விவசாயிகளே! உங்களில் எத்தனையோ பேரின் பெற்றோர் லயத்திற் பிறந்தவர்களே. நோய், காணி உறுதியைப் பார்த்து வருவதில்லை.

2003ஆம் ஆண்டுச் சட்டத்தோடு நாடற்றவர் என்ற பெயர் நீங்கிற்று. வாக்குச் சீட்டு நம் கையில் இருக்கின்றது. சபைத் தேர்தல் தோறும் தகரமும் கதிரையும் கோவில் மணியும் கேட்டுப் பழகிவிட்டோம். இனி வரும் வேட்பாளரிடம் ஒரு கேள்வியைக் கேட்போம்: எங்கள் லயத்துக்குத் தாதி எந்த நாளில், எந்த வாகனத்தில், யாருடைய பணத்தில் வருவார்? நாளும் வாகனமும் பணமும் சொல்ல இயலாதவருக்கு வாக்கும் இல்லை என்று சொல்லி அனுப்புவோம். தாயைச் சுமந்து மலை இறங்கிய தலைமுறை போதும். தாதி மலை ஏறட்டும்!